கூத்து விடியும்வரை நடக்கட்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலை சென்னையின் திருவான்மியூரில்தான் தொடங்குகிறது. சனி, ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்கெல்லாம் வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் கார்களும் இங்கிருந்து தெற்கே திரும்புவதைப் பார்க்கலாம். கடலில் கால் நனைக்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். ‘நம் கலை, நம் கிராமம் எல்லாம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம்’ என்று கிளம்பியவர்கள் இன்னொரு பக்கம். பானை வனைய, கூடை முடைய, பறையைக் கையில் வாங்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க, மாட்டு வண்டியில் ஒரு சுற்று வர ஆசைப்பட்டு, நகரத்துக் குடும்பங்கள் பணம் கொடுத்துப் போகின்றன.

இந்த ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரண்டு தலைமுறைக்கு முன் ஊரைவிட்டு வந்தவர்கள் நம்மில் பலர். பொங்கலுக்குப் போக ஓர் ஊரும், போனால் திறந்திருக்க ஒரு வீடும் இல்லாமல் போன குடும்பங்கள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்கள் காசு கொடுத்தாவது ஒரு நாள் கிராமத்தில் இருந்துவிட்டு வர நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஒரு நாளை யார் தீர்மானிக்கிறார்கள்? எது எப்போது நடக்க வேண்டும், எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், அதற்கு என்ன விலை, யார் வீட்டுக்குள் யார் வரலாம் என்பதையெல்லாம் யார் முடிவுசெய்கிறார்கள்? பெரும்பாலும் விடுதிக்காரரும் சுற்றுலா நிறுவனமும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும்தான். ஆடுகிறவரையும் நெய்கிறவரையும் கடைசியில்தான் கேட்கிறார்கள்; சில சமயம் கேட்பதே இல்லை. பண்பாட்டுச் சுற்றுலா இங்கே வேர்பிடிக்க வேண்டுமானால் நேரம், விலை, வாசல் என்ற மூன்றையும் முடிவுசெய்யும் உரிமை கலைஞர்களிடமும் அவர்களுடைய ஊரிடமும் போய்ச்சேர வேண்டும். இந்தக் கட்டுரை வலியுறுத்துவது அதைத்தான்.

இருபது நிமிடக் கூத்து

முதலில் நேரம். கடற்கரை விடுதி ஒன்றின் புல்வெளியில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நடந்த தெருக்கூத்து ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கட்டிக்கொள்ள அந்தக் கலைஞர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, இரண்டு அடவு ஆடி, நான்கு வரி பாடி முடித்ததும் மேசைகளில் சூப் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். பிறகு கிரீடத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. பார்த்தவர்களுக்கு அது கூத்து. தெருக்கூத்தைப் பற்றி இனி அவர்கள் நினைவில் நிற்கப்போவதும் அதுதான்.

கூத்து எங்கே, எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் ‘பாரதம் வைப்பார்கள்’. பகலில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். பத்து மணிவாக்கில் மத்தளமும் தாளமும் களம் கட்டத் தொடங்கினால், முகவீணையின் கூரிய ஒலி ஊரடங்கிய பிறகு பக்கத்துக் கிராமம்வரை கேட்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து ஊர் நியாயம், உலக நியாயம் எல்லாம் பேசுவான். நள்ளிரவு தாண்டித்தான் கதை சூடுபிடிக்கும். பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தைகளை, துச்சாதனன் வரும்போது பாட்டிமார் தட்டி எழுப்புவார்கள். துகிலுரியும் கட்டத்தில் கூட்டத்திலிருந்து கற்பூரத் தட்டு வரும். அந்த நேரத்தில் அங்கே நிற்பவர் வேடம் கட்டிய நடிகர் என்பதை ஊர் மறந்துபோயிருக்கும்.

அர்ச்சுனன் தபசு நாளை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திறந்தவெளியில் உயரமான பனைமரம் நட்டு, ஏறுவதற்குப் படிக்கட்டைகள் அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடம் கட்டியவர் ஒவ்வொரு படிக்கும் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியை அடைந்ததும் எலுமிச்சம்பழம், வில்வம், பூ, விபூதி எல்லாவற்றையும் அங்கிருந்து வீசுவார். குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே முந்தானையை ஏந்திக் காத்திருப்பார்கள். கடைசி நாள் படுகளம். ஊர் நடுவே மண்ணால் செய்து படுக்கவைத்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி பீமனும் துரியோதனனும் சண்டையிடுவார்கள். திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. ஒரு ஊர் தன் நேர்த்திக்கடனையும் துக்கத்தையும் கொண்டாட்டத்தையும் ஒரே களத்தில் இறக்கிவைக்கிற நிகழ்வு இது. இதை இருபது நிமிடமாக வெட்டினால் மிஞ்சுவது உடுப்பு மட்டும்தான்.

நகரத்துக்காரர்கள் கூத்துப் பார்க்கப் போவதால் நல்லது எதுவும் நடக்காது என்று இதற்குப் பொருளில்லை. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அதிர்ந்துபோன ந. முத்துசாமி, அதன் வலிமையை நவீன நாடகத்துக்குக் கொண்டுவரப் புறப்பட்டார். 1977ல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு பிறந்தது. தமிழ் நாடகத்தின் போக்கும் தமிழ்த் திரைப்பட நடிப்பின் போக்கும் அதனால் மாறின. அதே புரிசை மரபிலிருந்து வந்த கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025ல் பத்மஸ்ரீ கிடைத்தது. முத்துசாமி கூத்திடம் போனபோது அதன் நேரத்துக்கு உட்கார்ந்தார். தன் நேரத்துக்கு அதை வரவழைக்கவில்லை. பார்வையாளராகப் போகிற நமக்கும் அதுவே முறை.

கலாக்ஷேத்ரா சொல்லும் பாடம்

ஒரு கலையை அதன் இடத்திலிருந்து எடுத்து வேறு மேடையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவான்மியூர்க்காரர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1936ல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1960களின் தொடக்கத்தில் இங்கே கடலோர மணல்வெளிக்குக் குடிவந்தது. சுமார் 100 ஏக்கர் நிலத்தில் மரம் நட்டு, ஓலைக் குடில் போட்டு, மண்ணில் உட்கார்ந்து ஆடவும் பாடவும் கற்றுக்கொடுத்தார்கள். மைசூர் வாசுதேவாச்சாரியார், டைகர் வரதாச்சாரியார், புதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்ற பெரும் வித்வான்கள் கலாக்ஷேத்ராவில் ஆசிரியர்களாக இருந்தார்கள். 1993ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி இதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இன்று வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டினரும் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு காலை நேரத்தில் இந்த வளாகத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள்.

கலாக்ஷேத்ரா செய்த நன்மை பெரிது. ஆடலோடு நின்றுவிடாமல் 1937லேயே நெசவுக்கூடம் தொடங்கியதை நான் அதன் பெருமைகளில் முதலாவதாகச் சொல்வேன். வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் தேடியெடுத்து மறுபடி தறியில் ஏற்றினார்கள். அகன்ற கரை வைத்த ‘கலாக்ஷேத்ரா புடவை’ என்று ஒரு வகையே உருவானது. கமலாதேவி சட்டோபாத்யாயாவின் துணையோடு இயற்கைச் சாயமும் கலம்காரியும் அங்கே இடம்பிடித்தன.

இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பரதநாட்டியம் என்று நாம் இன்று கொண்டாடும் கலை, அதற்கு முன் சதிர். கோயிலிலும் அரசவையிலும் அதை ஆடிக் காத்தவர்கள் இசை வேளாளர் மரபுப் பெண்கள். அதை வடிவமைத்தவர்கள் நட்டுவனார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் ருக்மிணி தேவி கற்றார். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள், பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணித்துப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் 1947ல் வந்தது. அந்த வழக்கம் ஒழிய வேண்டியதுதான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கலை அரங்கேறி உலகம் சுற்றத் தொடங்கியபோது, அதைக் கைமாற்றிக் கொடுத்த குடும்பங்களில் பல மேடையிலிருந்து விலகிப்போயின. கௌரி அம்மாளின் கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. கலை பிழைத்துக்கொண்டது, அதைச் சுமந்துவந்தவர்களுக்கு அதே நியாயம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் சதிரில் நடந்தது, இன்று சுற்றுலாவின் பெயரால் கூத்துக்கும் பறைக்கும் தறிக்கும் நடந்துவிடக் கூடாது.

சாலையோரத்து மூன்று வழிகள்

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை ஐம்பது கிலோமீட்டருக்குள் கலையைப் பாதுகாப்பதற்கும் காட்டுவதற்கும் மூன்று வெவ்வேறு வழிகள் இருக்கின்றன.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966ல் அமைத்தது. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்து, கடலோர நிலத்தைத் தாங்களே வாங்கினார்கள். படைப்பவர்களே நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக இருந்ததால்தான் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறார்கள். பார்க்க வருகிறவர் அங்கே விருந்தாளி. வேலை நடக்கும் இடம் ஓவியருடையது.

முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா. 1984ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், டெபோரா தியாகராஜனின் முயற்சியால் 1996ல் இதைத் திறந்தது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, செட்டிநாட்டு வீடு, கேரளத்து மர வீடு, கர்நாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடு எனத் தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து, கல்லுக்குக் கல் மரத்துக்கு மரம் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். விறகுக்கும் பழைய மரச் சந்தைக்கும் போயிருக்கும் தூண்கள் இன்று நம் குழந்தைகள் சாய்ந்து நிற்கும் தூண்களாக இருக்கின்றன. சக்கரத்தில் மண்ணை வைத்துப் பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சுழற்றக் கற்றுக்கொடுக்கும் குயவரை அங்கே பார்க்கலாம். இது அருங்காட்சியகம்; தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது; அந்த நேர்மை அதற்கு இருக்கிறது. கிராமத்தைப் பற்றிய முதல் பாடம் இங்கே கிடைக்கும். முழுப் பாடத்தையும் இங்கேயே முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு திரும்புவது பார்க்க வந்தவர்களின் பிழை.

கடைசியாக மாமல்லபுரம். மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 2021-22ல் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டினர் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம்: சுமார் 1.45 லட்சம் பேர். இங்கே 1957லிருந்து அரசு சிற்பக்கலைப் பயிற்சி அளித்துவருகிறது. 2017ல் இவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆனால் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணிக்கு, சாலையோரப் பட்டறையில் தூசி மூடி உட்கார்ந்திருக்கும் சிற்பியோடு பேரம் பேசுவதைத் தவிர வேறு உறவில்லை. உளி பிடித்த இடத்தில் இயந்திரம் வந்த பிறகு, கல் அறுக்கும் தூசி நுரையீரலுக்குள் போகிறது. பல்லவர் கல்லைப் பார்க்கச் சீட்டு வாங்குகிறோம். அந்தக் கைத்தொழிலை இன்றும் செய்பவருக்கு அந்தச் சீட்டில் பங்கில்லை. ஆகப் பெரிய கூட்டம் வருவதும், கலைஞருக்குக் குறைவாகப் போய்ச்சேர்வதும் ஒரே இடத்தில் நடக்கிறது.

தறியின் கணக்கு

இனி விலை. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும். உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். உடலின் ஊடை கரையைத் தொடும் இடத்தில் திரும்பி, கரையின் ஊடையோடு கோத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு நாடா போதாது, மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவரால் இது ஆகாது. நெய்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித்தரும் துணையாள் ஒருவர். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு பேருடைய கையும் ஒன்றாக நடக்க வேண்டும். கிழிந்து நைந்த பழைய பட்டுப் புடவையிலும் கரை மட்டும் பிரியாமல் நிற்பதற்கு இந்தக் கோர்வைதான் காரணம்.

அந்தத் துணையாள் இடத்தில் முன்பு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இன்று அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் அந்த இடத்துக்குக் கூலி கொடுத்து ஒரு பெரியவரை உட்காரவைக்கும் அளவுக்கு நெசவாளர் கைக்குப் பணம் வருவதில்லை. கோர்வைத் தறிகள் ஓய்வதற்கு இது முக்கியமான காரணம். விசைத்தறியில் நெய்த போலிகள் இன்னொரு காரணம்.

இந்த வீட்டுக்குள்தான் சுற்றுலாக் குழு நுழைகிறது. பத்துப் பேர் தறியைச் சுற்றி நிற்கிறார்கள். நெசவாளர் நெய்வதை நிறுத்திவிட்டு விளக்குகிறார். யாரோ ஒருவர் குழித்தறியில் இறங்கிக் கால் மிதித்துப் பார்க்கிறார். இழை அறுந்தால் முடிபோட வேண்டியவர் நெசவாளர். முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. அவருக்குக் கூலி மாதச் சம்பளமாக வருவதில்லை. நெய்து கொடுக்கும் புடவைக்குத்தான் வருகிறது. ஆகவே நமக்காக நிறுத்திய ஒவ்வொரு மணி நேரமும் அவருடைய சொந்தக் காசு. ஏதாவது வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் அவர் அந்த நேரத்தைக் கொடுக்கிறார். வழிகாட்டிக்குக் கட்டணம் உண்டு, வேனுக்கு வாடகை உண்டு, மதியச் சாப்பாட்டுக்கு ரசீது உண்டு. எதைப் பார்க்க வந்தோமோ அதற்கு மட்டும் விலை கிடையாது. இதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் தொழிலில் இல்லை.

எந்தக் கிராமம்?

மூன்றாவது, வாசல். ‘கிராமிய வாழ்க்கை அனுபவம்’ என்று விளம்பரம் வருகிறது. திண்ணை, கிணறு, மாட்டு வண்டி, கோலம், பனையோலை விசிறி என எல்லாம் இருக்கும். ஊர், சேரி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் தெருக்கள் அதில் இருப்பதில்லை. தமிழ்க் கிராமத்தைக் காட்டுகிறேன் என்பவர் சாதியை மறைத்தால் அவர் காட்டுவது கிராமம் அல்ல.

பறையை நினைத்துப் பாருங்கள். இன்று சென்னையில் பறைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. திருமணத்தில், அரசியல் மேடையில், கல்லூரி விழாவில் அது முழங்குகிறது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மகிழ வேண்டிய செய்தி. அதே பறையைச் சாவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் அடிக்க வைத்த ஊர்களும் இருந்தன; அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக ஒடுக்கப்பட்ட மக்கள் அடிபட்ட வரலாறும் உண்டு. ஆகவே பறையைச் சுற்றுலாப் பயணிக்கு வாசித்துக் காட்டுவதா, யார் முன்னால், எந்தச் சூழலில், என்ன விலைக்கு வாசிப்பது என்பதை அந்தக் கலைஞர்கள்தான் சொல்ல வேண்டும். ‘வாசிக்க மாட்டோம்’ என்பதும் அவர்கள் சொல்லக்கூடிய பதில்களில் ஒன்று.

உலகமும் இதைக் கற்றுக்கொண்டுதான் வருகிறது. ஜப்பானின் கியோட்டோ நகரில், கெய்ஷா கலைஞர்கள் வாழும் கியோன் பகுதியின் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைய 2024ல் தடை வந்தது. கலைஞர்களை வழிமறித்துப் படம் எடுத்த தொல்லை பொறுக்க முடியாமல் அந்தப் பகுதி மக்கள் எடுத்த முடிவு அது. நம் பக்கத்துக் கேரளத்தில் 2008ல் குமரகத்தில் தொடங்கிய ‘பொறுப்புள்ள சுற்றுலா’, 2017ல் மாநிலம் தழுவிய இயக்கமானது. அங்கே விடுதிகளுக்குக் காய்கறி வருவது உள்ளூர்க் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடமிருந்து. கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் காட்டுகிறவர்களுக்கு அந்த நேரத்துக்கே கட்டணம் உண்டு. அங்கும் குறைகள் இருக்கலாம். ஆனால் உள்ளூர்க்காரர் கையில் பணமும் முடிவும் போய்ச்சேர ஒரு அமைப்பு இருக்கிறது. தமிழ்நாடு 2023ல் தனிச் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டு, சுற்றுலாவுக்குத் தொழில் தகுதியும் அளித்திருக்கிறது. அந்தக் கொள்கை கலைஞரின் வீட்டு வாசல்வரை வர வேண்டும்.

பக்கத்துக் குப்பம்

கிராமத்தைத் தேடி நூறு கிலோமீட்டர் போகும் நாம், நம் தெருக்கோடியில் இருக்கும் கிராமத்தைக் கிராமம் என்றே நினைப்பதில்லை. திருவான்மியூர்க் குப்பம், கொட்டிவாக்கம் குப்பம், பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர், ஆல்காட் குப்பங்கள் எல்லாம் அடுக்குமாடிகளுக்கு முன்பே இருந்த ஊர்கள். வாடை, கச்சான், ஈரான் என்று காற்றுக்கும், வண்ணி, தெண்டி என்று நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மக்கள். எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும், எந்த நீரோட்டத்தில் வலை விரிக்கக் கூடாது என்பது தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு. அதை எந்தச் சுற்றுலாப் பிரசுரத்திலும் நான் பார்த்ததில்லை. அதிகாலையில் படகு கரையேறியதும் நடக்கும் மீன் ஏலத்தைவிட உயிருள்ள கிராமியக் காட்சி இந்த நகரத்தில் வேறெது?

2015ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். சபாக்களில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் கச்சேரியை, மணலில் உட்கார்ந்து மீனவர்களும் மயிலாப்பூர்க்காரர்களும் ஒன்றாகக் கேட்டார்கள். அதே மேடையில் பறையும் கூத்தும் வந்தன. நகரம் குப்பத்துக்குள் விருந்தாளியாகப் போன நாட்கள் அவை. அழைத்தது குப்பம் என்பதால் அது மரியாதையான உறவாக இருந்தது.

இதற்கு நேரெதிரான அணுகுமுறையையும் பார்த்தோம். மெரினா லூப் சாலையோர மீன் கடைகளை அகற்றும்படி 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நொச்சிக்குப்பம் மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். பிறகு மாநகராட்சி கட்டிய மீன் அங்காடி 2024ல் திறக்கப்பட்டது. வண்டிகளுக்கு வழி வேண்டும் என்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தக் கடற்கரை முதலில் யாருடைய ஊர் என்ற கேள்வியை நகரம் எவ்வளவு எளிதாக மறக்கிறது! கடற்கரையை அழகாக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், அதில் வலை காயும் இடமும் படகு நிற்கும் இடமும் முதலில் குறிக்கப்பட வேண்டும்.

இசைக்கும் இதே கதைதான். சென்னைக்கு 2017ல் யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரம் என்ற தகுதியைக் கொடுத்தது. மார்கழி சபாக்களுக்கு உலகெங்கிலுமிருந்து ரசிகர்கள் வருகிறார்கள். அப்பரும் சம்பந்தரும் பாடிய மருந்தீசுவரர் கோயில் திருவான்மியூரின் நடுவில் இருக்கிறது. பங்குனி உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தில் கம்பீர நாட்டை மல்லாரி எழுவதைக் கேட்க எந்தச் சீட்டும் வேண்டாம். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் உத்தரங்களிலும் தூண்களிலும் பல ஆண்டுகள் காய்ந்து முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். செய்யத் தெரிந்த குடும்பங்கள் மிகச் சில. இன்று எத்தனையோ கோயில்களில் தீபாராதனை நேரத்தில் வாசிப்பது மின்சார முரசு இயந்திரம். நாகஸ்வரக்காரரை இழந்துவிட்டு நாகஸ்வரத்துக்குக் குறியீடு வாங்கிவைப்பதில் பயனில்லை.

செய்ய வேண்டியவை

குறை சொல்லி நிறுத்துவது போதாது. செய்யக்கூடியவை இருக்கின்றன, பெரிய செலவும் இல்லை.

ஒன்று, கூத்து நாட்காட்டி. பங்குனியிலிருந்து ஆடி வரை எந்த ஊரில், எந்த நாட்களில் பாரதம் வைக்கிறார்கள், அர்ச்சுனன் தபசு என்று, படுகளம் என்று, எந்த நாடக மன்றம் ஆடுகிறது என்ற விவரத்தைக் கலை பண்பாட்டுத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து தமிழில் வெளியிடலாம். ஊர்க் கமிட்டிகள் ஒவ்வோர் ஆண்டும் நோட்டீஸ் அச்சடிக்கின்றன. அவற்றைத் திரட்டினாலே பாதி வேலை முடிந்தது. வெளியாட்கள் வரலாமா, எத்தனை பேர் வரலாம் என்பதை ஊர்க் கமிட்டி சொல்லட்டும்.

இரண்டு, கட்டணத்தில் கலைஞரின் பங்கு. சுற்றுலா நிறுவனமோ விடுதியோ அரசுத் துறையோ, யார் சீட்டுக் கொடுத்தாலும் அதில் எவ்வளவு கலைஞருக்குப் போகிறது என்பது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தறியைக் காட்டும் நேரத்துக்கு, மண்ணைப் பிசைந்து காட்டும் நேரத்துக்கு, தலைக்கு இவ்வளவு என்று நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் கைவினைஞர் சங்கமும் விகிதம் நிர்ணயிக்க வேண்டும். பொருளை வாங்குவது அதற்கு மேல்.

மூன்று, நேரத்தைக் குறைக்காத மேடை. அரசு நடத்தும் சென்னை சங்கமம் 2007ல் தொடங்கி, இடையில் நின்று, 2023லிருந்து மறுபடி நடக்கிறது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் கரகமும் ஒயிலும் நடப்பதால் ஆயிரக்கணக்கானோர் முதல்முறை இவற்றைப் பார்க்கிறார்கள். அங்கே குறுகிய நிகழ்ச்சிகள் தவிர்க்க முடியாதவை. ஆனால் குறைந்தது ஒரு களத்திலாவது, ஓர் இரவாவது, முழுக் கூத்து விடியும்வரை நடக்கட்டும். கலைஞர் தன் முழுத் திறனோடு நிற்பதை இந்த நகரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

நான்கு, உள்ளூர் வழிகாட்டிகள். குப்பத்தைச் சுற்றிக் காட்டுபவர் குப்பத்து இளைஞராகவும், நெசவாளர் தெருவைக் காட்டுபவர் நெசவாளர் வீட்டுப் பெண்ணாகவும் இருக்க வேண்டும். ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வழிகாட்டிகள் வர வேண்டும். வீட்டுக்குள் படம் எடுக்கலாமா, எந்த நாள் வாசல் அடைத்திருக்கும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

ஐந்து, பள்ளிகள். வளாகத்தில் அரை நாள் பானை செய்வதோடு நிறுத்தாமல், அதே பள்ளி ஒரு நெசவாளர் ஊரோடு, ஒரு கூத்து மன்றத்தோடு பல ஆண்டுகளுக்கு உறவு வைத்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் பார்த்த தறியைப் பத்தாம் வகுப்பில் மறுபடி பார்க்கும் மாணவனுக்கு நெசவாளரின் பெயர் தெரிந்திருக்கும். அவர் எதற்காகத் தறியை விற்றார் என்பதும் தெரிந்திருக்கும். அதுவும் கல்விதான்.

இவற்றில் எதற்கும் அரசாணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. திருவான்மியூரிலிருந்து தெற்கே கிளம்பும் வாசகர்களிடம் நான் கேட்பது சில சின்னச் சின்னச் செயல்கள்தான். தறி வீட்டுக்குப் போனால், பொருள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவர்கள் நமக்குக் கொடுத்த நேரத்துக்குப் பணம் கொடுங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். விடுதியில் இருபது நிமிடக் கூத்துக்கு ஏற்பாடு செய்பவரிடம், கலைஞருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். செய்யாறு பக்கம் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டு, ஒரு பாயை எடுத்துக்கொண்டு போங்கள். பாதியில் எழுந்து வராதீர்கள். விடியும்வரை உட்காருங்கள்.